கோத்தகிரிப் பிடிமண்

“இந்த மஞ்சப் பையில இருந்த மண்ணு எங்க புள்ள?”

ஏழுமலை சாமிப் படத்துக்கு முன்னால் நின்று வெறும் பையை உதறினார். நாலு பொடி உதிர்ந்ததே தவிர வேறொன்றும் விழவில்லை.

அடுப்படியில் குனிந்திருந்த மருதாயி திரும்பிப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் சாணி. முகத்தில் வேலையை முடித்துவிட்ட பெருமை.

“அதுவா? சலிச்சு வச்ச மாதிரி நல்ல மண்ணுங்க. சாணியோட பெசஞ்சு அடுப்ப மெழுகிட்டேன். பாருங்க எப்பிடி இருக்குன்னு! சம்பந்தி வூட்டுக்காரங்க வர்ற நேரத்துல கரிபுடிச்ச அடுப்போடயா நிக்கிறது?”

ஏழுமலை பையை நழுவவிட்டார். அப்படியே கதவோரச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அடிப் பாவி... அது மண்ணு இல்லடி. சாமி!”

“ஐயய்யோ!” என்று மருதாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னமெல்லாம் சாணியாயிற்று.

சாமி எப்படி மஞ்சள் பைக்குள் வந்தது என்று சொல்லிவிடுவதுதான் நல்லது.

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர் ஏழுமலை. ஒரே மகள் சுகந்தினி, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கித்துல்கல ஆற்றில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போகும் கிருஷ்ணகுமாரைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பையன் தங்கமான பையன். வில்லங்கமெல்லாம் பையனைப் பெற்ற ஜீவராணி அம்மாளிடம்தான். வரக்காப்பொலவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அந்த அம்மாள் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தேநீரைக்கூடத் தொடாமல் கேட்டாள்.

“நாங்க துறையூர்ப் பக்கத்து ஆளுங்க. எங்களுக்கு மதுரை வீரன். போய்ப் பாத்து, படம் புடிச்சு, பிரேம் போட்டு வூட்டுல மாட்டியிருக்கோம். ஒங்களுக்கு எந்த ஊரு? கொலதெய்வம் என்னா?”

ஏழுமலை திருதிருவென்று முழித்தார். அவருக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா செத்துப்போனார். பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்து, தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கித்துல்கல பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மீசை முளைத்தபிறகு பேர் பதிந்து வேலைக்கென்று தோட்டத்து வரிசைவீடான இதே லயத்துக்கு ஏழுமலை திரும்பி வந்தபோது, பழைய ஆட்கள் ஒருத்தர்கூட மிச்சமில்லை. எல்லாரும் கப்பலில் போய்விட்டிருந்தார்கள்.

“கொலதெய்வத்துக்கு மொதப் பத்திரிகை வைக்காம என் மகன் தாலி கட்ட மாட்டான்” என்று ஜீவராணி எழுந்துவிட்டாள். “ஊரக் கண்டுபுடிங்க, சாமியக் கண்டுபுடிங்க. பெறகு பேசிக்குவோம்.”

அழுது வீங்கிய கண்ணோடு சுகந்தினிதான் பேஸ்புக்கில் இறங்கினாள். தாத்தா பேர், பெரிய தாத்தா பேர், தோட்டத்துப் பேர் எல்லாம் போட்டு, ‘யாருக்காவது தெரியுமா’ என்று கேட்டாள். கொஞ்ச நாளில் கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. பெரியப்பா மகன் அழகமுத்து! கைக்குழந்தை நாளுக்குப்பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தே இராத அண்ணனும் தம்பியும் வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத அழுகையில் டேட்டா தீர்ந்துபோனது. அது தீர்வதற்குள் ஒரு விஷயம் மட்டும் கிடைத்துவிட்டது.

“நம்ம சாமி கருப்பண்ணன், தம்பி. எங்கப்பா கட்டுன கோயிலு இருக்கு. ஒரு பிடிமண்ணு எடுத்து அனுப்புறேன், அங்கேயே வச்சுக் கும்புட்டுக்க.”

ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமியின் காலடியில் ஒரு பிடி மண்ணெடுத்துப் போய், போன இடத்தில் வைத்தால் சாமியும் கூடவே வந்து குடியிருக்கும் என்பது நம் ஆட்களின் வழக்கம். ஏழுமலை துள்ளிக் குதித்தார். உடனே வரக்காப்பொலவுக்குப் போன் போட்டு, “கோத்தகிரிங்க! ஆயிரம் வருசத்துக் கோயிலு!” என்றார். அந்த ஆயிரம் வருஷத்தை அழகமுத்து சொல்லவில்லை. அது ஏழுமலை தன் சொந்தச் செலவில் சேர்த்தது.

சேலை வாங்கக் கோயம்புத்தூர் போன யட்டியாந்தோட்டைத் துணிக்கடை மீராசாஹிப் முதலாளிதான் மண்ணைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அதிகாரி பையைத் தூக்கிப் பிடித்து, “மேக்க மொகத்த?” என்று சிங்களத்தில் கேட்டபோது, இது என்னவென்று சொல்ல வழி தெரியாமல், மருதாணிப் பொடி என்று சொல்லித் தப்பித்தாராம்.

“ஒன் சாமிக்காக நான் எங்க ஆண்டவன்கிட்ட பதில் சொல்லணும் பாரு” என்று மீராசாஹிப் அலுத்துக்கொண்டே கொடுத்த பைதான் இப்போது காலியாகக் கிடந்தது. சாமி அடுப்பில் இருந்தது.

“அழுது என்னா ஆகப் போவுது? சொரண்டு!” என்றார் ஏழுமலை.

பால்வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். மரத்துப் பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவுகிற கைதான். ஆனால் ஈர மெழுகல் பட்டையா என்ன? பொரிப்பொரியாகச் சாணிதான் வந்தது. கொஞ்சம் அழுத்தினார். கரி வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அடுப்பின் ஒரு பக்கமே பொலபொலவென்று சரிந்தது. அதன்மேல் வைத்திருந்த கோழிக்குழம்புச் சட்டி மெதுவாகச் சாய்ந்து, மிச்சமிருந்த சாமியையும் நனைத்துவிட்டுக் கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சுகந்தினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா! என்னாப்பா இது? அவுங்க பாதி வழி தாண்டிட்டாங்களாம்ப்பா!”

“நீ ஒண்ணும் பாக்காத. ஷாமிளா கடையில சோத்துப் பார்சல் சொல்லு, ஓடு!”

அள்ளிய மண்ணை ஏழுமலை முகர்ந்து பார்த்தார். சாணியும் கோழிக்குழம்பும் கலந்து அடித்தது. எந்தச் சாமியும் இப்படி மணக்காது என்பது அவருக்கே தெரிந்தது.

“ஏங்க, மண்ணுக்கா பஞ்சம்?” என்றாள் மருதாயி மெல்ல. “பீலிக்கரையில இருக்கே...”

லயத்துக்குப் பின்னால், மூங்கில் பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு கிழட்டுப் பலாமரம் நிற்கிறது. அதன் அடியில் எப்போதோ வந்த மண்சரிவில் சாய்ந்துபோன இடுப்பளவுக் கல் ஒன்று கிடக்கிறது. துவைக்கத் தோதான சரிவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருதாயிக்கு அந்தக் கல்தான். “ராசியான கல்லு. எந்தக் கறையா இருந்தாலும் நாலு அடியில போயிரும்” என்று லயம் பூராவும் பெருமை பேசுவாள்.

ஏழுமலை ஓடினார். கல்லடியில் தோண்டினார். கிட்டத்தட்ட அதே நிறம்! ‘கருப்பண்ணா, என் மகளுக்காக இந்த ஒரு தடவ மன்னிச்சிரு’ என்று முனகிக்கொண்டே பையில் அள்ளினார். சலிக்க வேண்டும் என்று நினைக்கும்போதே கீழே ரோட்டில் வேன் ஹாரன் சத்தம் கேட்டது.

வந்துவிட்டார்கள். ஜீவராணி பட்டுச்சேலையில் முன்னால் வந்தாள். அவள் புருஷன் சரிகைச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். அவர் கடையில் விலை சொல்ல வாய் திறப்பாரே தவிர வீட்டில் திறப்பதில்லை. கிருஷ்ணகுமார் சுகந்தினியைத் தேடிக்கொண்டே வாசற்படியில் இடித்துக்கொண்டான்.

மண்ணைப் புதுச் சட்டியில் கொட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு நடுவீட்டில் வைத்திருந்தார் ஏழுமலை. ஜீவராணி பயபக்தியோடு குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். நெற்றிக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

“என்னா இது, சவுக்கார வாசம் அடிக்குது?”

ஏழுமலை சட்டென்று முன்னால் வந்தார். “அ... அது, அங்க தெனமும் அபிஷேகம்ங்க. வாசனைத் தைலமெல்லாம் ஊத்துவாங்க.”

“ஓ!” என்று அவள் இன்னும் கொஞ்சம் கிளறினாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். நாலு ஓட்டையுள்ள ஒரு நீலப் பொத்தான்.

மருதாயி அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அது ஏழுமலையின் தீபாவளிச் சட்டைப் பொத்தான்.

“காணிக்கைங்க” என்றார் ஏழுமலை. “கருப்பண்ணனுக்குச் சட்ட சாத்துவாங்க. வேண்டுதலு.”

சம்பந்தி முதல்முறையாக வாயைத் திறந்தார். “கருப்பசாமி சட்ட போடுவாரா?”

“கோத்தகிரி குளுருதுல்லங்க?” என்றார் ஏழுமலை.

ஜீவராணி தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பொத்தானைக் கண்ணில் ஒற்றி, மணிபர்சுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். “எங்க வூட்டுச் சாமித் தட்டுக்கும் ஒரு பிடி குடுங்க” என்றும் கேட்டாள். ஏழுமலை வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது.

“அப்பா!” என்று சுகந்தினி கையைத் தட்டினாள். “ஒங்களுக்குத் தெரியாம நான்தான் வரச் சொன்னேன். யாருன்னு பாருங்க!”

வேனிலிருந்து குல்லாவும் ஸ்வெட்டருமாக இறங்கினார் கோத்தகிரி அழகமுத்து.

கட்டிப்பிடித்து அழவேண்டிய நேரம். அழகமுத்து அழுதார். ஏழுமலையும் அழுதார், ஆனால் அது வேறு அழுகை. தன் கையாலேயே அள்ளி, தன் கையாலேயே கட்டி அனுப்பிய மனுஷன்! சட்டியில் ஒரு பார்வை பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். கல்யாணம் போச்சு. மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

“அண்ணே, மொதல்ல குளிச்சிருங்க! அண்ணே, மொதல்ல சாப்புடுங்க! பார்சல் சோறுதான், ஆனா சூடா இருக்கு!”

“மொதல்ல சாமி, தம்பி” என்று சொல்லிக்கொண்டே அழகமுத்து நேரே சட்டியிடம் போய் உட்கார்ந்தார்.

ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“நம்ம சாமி மண்ணுதான்” என்றார் அழகமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “என்னமோ தம்பி, அங்க இருந்ததவிட இங்க வந்தப்பறம் வாசம் கூடிப்போச்சு.”

ஏழுமலைக்கு அப்படியே அண்ணன் காலில் விழலாம் போலிருந்தது. தம்பி மானத்தைக் காப்பாற்றுவதற்காக, சாமி முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே! கூடப்பிறந்தவன்கூட இதைச் செய்யமாட்டான். ரத்தம் ரத்தம்தான் என்று நினைத்து மூக்கை உறிஞ்சினார்.

“இதுக்கு மேல என்னாங்க வேணும்?” என்றாள் ஜீவராணி. “வெத்தலத் தட்ட மாத்துங்க!”

தட்டு மாறியது. முதல் பத்திரிகை எழுத நாளும் குறித்தாயிற்று. கிருஷ்ணகுமாரும் சுகந்தினியும் எல்லாரையும் மறந்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் மருதாயிக்குக் கால் இடறி, கொண்டுவந்த தேயிலைச் சாயத் தண்ணீர் சம்பந்தியின் சரிகைச் சால்வைமேல் கொட்டிவிட்டது.

“ஐயோ, புதுச் சால்வை!” என்றார் சம்பந்தி. அன்றைக்கு அவர் பேசியது அத்தோடு இரண்டாவது தடவை.

“ஒண்ணும் பதறாதீங்க அண்ணே! எங்க கல்லுல நாலு சாத்து சாத்துனா கறை போயிரும்” என்று சால்வையை உருவிக்கொண்டு மருதாயி பின்பக்கம் ஓடினாள்.

ஏழுமலை காலை நீட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து இப்போதுதான் அவருக்கு நெஞ்சு இடத்துக்கு வந்தது. சோறு பார்சலாக இருந்தால் என்ன, அடுப்பு இடிந்தால் என்ன! பின்னாலிருந்து படார், படார் என்று துவைக்கிற சத்தம் வந்தது. அதுகூட அவருக்கு மேளச் சத்தமாகத்தான் கேட்டது.

ஜீவராணி ஆசையாக அழகமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணே, ஒங்க கோத்தகிரிக் கோயிலு ஆயிரம் வருசத்துக் கோயிலாமே? எந்த ராசா கட்டுனது?”

படார்... படார்...

“ஆயிரம் வருசமா? யாரு சொன்னா?” என்று சிரித்தார் அழகமுத்து. “எங்கப்பா இந்தத் தோட்டத்துலருந்து கப்பலேறப் போனப்ப, பின்னால பீலிக்கரைப் பலாமரத்தடியில நாங்க கருப்பண்ணன்னு நட்டுவச்சுக் கும்புட்ட கல்லு காலடியில அள்ளிட்டுப் போன பிடிமண்ண வச்சுக் கட்டுன கோயிலுதானம்மா அது. ஏந் தம்பி, நம்ம சாமிக் கல்லு பத்திரமா இருக்குல்ல?”