ஐந்து இலைச் சாப்பாடு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து டன்லப் மாவட்டத்தில் மனிதர்கள் மூவாயிரம் பேர், மாடுகள் தொண்ணூறாயிரம். அப்பேர்ப்பட்ட மாவட்டம், தன் எல்லைக்குள் வழிப்போக்கராக வந்து சேரும் வீகன்கள், அதாவது இறைச்சி, பால் எதையும் தொடாதவர்கள், அனைவரையும் வயிறார உண்பித்து அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கருணையால் அல்ல. பக்கத்து மாவட்டம் அப்படியொரு தீர்மானம் போட்டு, வீகன்களுக்கு ஏற்ற ஊர் என்று செல்போன் வரைபடத்தில் மதிப்பெண்ணாக ஐந்துக்கு ஐந்து பச்சை இலை வாங்கிவிட்டது. இவர்களுக்குப் பொறுக்கவில்லை.

திட்டத்துக்கு ஓர் அதிகாரி வேண்டும் அல்லவா? செடிகொடி சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் அந்த மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். களை ஒழிப்பு அதிகாரி டுவைட் க்ராட்டோச்வில். முட்செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டு, இன்று முதல் வீகன்களும் உம் பொறுப்பு என்று உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். இருபது வருஷ சர்வீஸ்.

இதெல்லாம் ராபர்ட்டா செட்லாசெக்குக்குத் தெரியாது. அவள் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவள். நெப்ராஸ்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேவாலயம் தேவாலயமாகக் காரில் அலைவது அவள் பிழைப்பு. ஆறு வருஷமாக வீகன். பால், வெண்ணெய், தேன் எதையும் தொடமாட்டாள். அன்று மூன்று மணிக்குள் ஒரு தேவாலயத்துக்குப் போயாக வேண்டும், ஐந்து மணிக்கு அங்கே கல்யாணம். காலையிலிருந்து உள்ளே போனது ஒரு வாழைப்பழம். வயிறு காலியாக இருந்தால் அவளால் சுருதி சேர்க்க முடியாது. தந்தியைவிட வயிறுதான் உரக்கப் பேசும்.

காரில் பிளாஸ்க் நிறையப் பருப்பு சூப் இருந்தது. இருந்தாலும், வரைபடத்தில் இந்தச் சாலை நெடுகிலும் ஐந்து ஐந்து இலையாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து, ஒரு நாளாவது தட்டில் சுடச்சுடச் சாப்பிடுவோமே என்று நாக்கு கேட்டுவிட்டது. நாக்கு பேச்சைக் கேட்டவர் யார் உருப்பட்டிருக்கிறார்கள்?

லோரீன் என்ற அம்மாள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

"வெண்ணெய் போடாம ஒரு சுட்ட உருளைக்கிழங்கு கிடைக்குமாங்க?"

"அதுக்கென்னம்மா, அடுப்புல வெந்துக்கிட்டே இருக்கு. வெண்ணெய் ஏன் வேண்டாங்கிற, உடம்புக்கு ஆகாதா?"

"இல்லைங்க, நான் வீகன்."

லோரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி மகளே! அதை ஏன் வாயைத் திறந்து சொன்னே? பேசாம இருந்திருந்தா இந்நேரம் கிழங்கு உன் தட்டுல இருந்திருக்குமே! இப்ப அந்தக் களை ஆபீசருக்குப் போன் பண்ணாம குடுத்தா என் லைசென்ஸ் போயிடும்."

போன் போனது. நாலே நிமிஷத்தில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்து ராபர்ட்டாவின் காருக்குப் பின்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டுவைட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். மகா மரியாதையான மனிதர்.

"வணக்கம் மேடம். மாவட்டத்தின் சார்பா வரவேற்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்னப் படிவம்."

அச்சடித்த படிவம். 'களை' என்றிருந்த இடமெல்லாம் அடித்து, மேலே பேனாவால் 'வீகன்' என்று எழுதியிருந்தது.

"மாவட்டத்துக்குள்ள எப்படி நுழைஞ்சீங்க? காத்துலயா, தண்ணியிலயா, வாகனத்துலயா?"

"கார்ல வந்தேன்."

"வாகனம். நீங்க ஒருபருவமா, பலபருவமா?"

"ஆறு வருஷமா இருக்கேன்."

"பலபருவம்." டுவைட் முகத்தில் கவலை படர்ந்தது. அவர் அனுபவத்தில் வருஷா வருஷம் தழைக்கும் பலபருவக் களைதான் தொல்லை. "பரவுமா?"

"என் வீட்டுக்காரருக்கே இன்னும் பரவலை. சார், எனக்கு ஒரு உருளைக்கிழங்கு குடுத்தா போதும், சாப்பிட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

டுவைட் சமையலறைப் பக்கம் திரும்பினார். "லோரீன், கிழங்கு யார் தோட்டத்துது?"

"என் தோட்டம்தான்."

"என்ன உரம் போட்டே?"

"மாட்டெரு. இந்த ஊர்ல வேற என்ன போடுவாங்க, ரோஜாப்பூவா?"

டுவைட் பெருமூச்சு விட்டார். "மன்னிக்கணும் மேடம். மாட்டிலிருந்து வந்தது எதுவும் உங்க வாயில படக் கூடாதுன்னு விதி. இந்த மாவட்டத்துல விளையுற அத்தனையும் மாட்டெருவுல விளைஞ்சதுதான்."

"அப்ப இங்க வர்றவங்களுக்கு என்னதான் போடுறீங்க?"

"அங்கீகாரம் பெற்ற வீகன் மாட்டிறைச்சி." அதைச் சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பட்டாணியில செஞ்சது. கலிபோர்னியாவுல இருந்து விமானத்துல வருது. வெட்டினா ரத்தம்கூட வடியும், பீட்ரூட் ரத்தம். மரத்துல செஞ்ச எலும்பு ஒண்ணு இலவசம்."

"எனக்கு மாட்டிறைச்சி வேண்டாம்னுதானே வீகன் ஆனேன்!"

"அதான் மாட்டிறைச்சி இல்லையே மேடம். வியாழக்கிழமை வந்துடும்."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை!"

"லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கோம்."

ராபர்ட்டாவுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. "ஒண்ணும் வேண்டாம். கார்ல என் சூப் இருக்கு. அதைக் குடிச்சுக்கிறேன்."

"அது மட்டும் முடியாதுங்க. வீகன் தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டா, மாவட்டம் பட்டினி போட்டதா ஆயிடும்."

"பட்டினிதானே போட்டிருக்கீங்க?"

"போட்டிருக்கோம். ஆனா பதிவாகலையே."

சரி, சாப்பிடாமலே கிளம்புகிறேன் என்று எழுந்தாள். பசியோடு வெளியேறும் வீகனுக்குத் தனிப் படிவம் உண்டு என்றார் டுவைட். ஆறு பக்கம், இரண்டு சாட்சி, கவர்னர் அலுவலகத்துக்கு நகல். வயிறாரச் சாப்பிட்டேன் என்று எழுதுவதானால் அரைப் பக்கம்தான். மணி ஒன்றரை. பிக்கப் அசைவதாக இல்லை.

"பேனாவைக் குடுங்க," என்றாள் ராபர்ட்டா.

பதிவேட்டில் அவளுக்கு முன்னால் பதினேழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். 'அருமை.' 'அமிர்தம்.' 'மறக்கவே முடியாது.' அத்தனையும் ஓடுகிற பஸ்ஸில் எழுதியதுபோல் அவசரக் கையெழுத்து. வரைபடத்தில் பூத்துக் கிடந்த இலைகள் எப்படிப் பூத்தன என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? 'தேவாமிர்தம்' என்று எழுதி ஐந்து இலை போட்டாள். காலித் தட்டோடு நிற்க வைத்து டுவைட் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். லோரீன் மட்டும் கதவருகே வந்து, "அடுத்த தடவை வயித்துவலின்னு சொல்லிட்டு வாம்மா" என்று காதைக் கடித்தாள்.

எட்டு மைல் தள்ளி மாவட்ட எல்லை. பலகையைத் தாண்டியதும் புல்தரையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஆட்கள் உட்கார்ந்து அவரவர் டப்பாவைத் திறந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க வாங்க! எத்தனை இலை போட்டீங்க?" என்று ஒரு பெண்மணி கத்தினாள்.

"அஞ்சு!"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ராபர்ட்டாவும் சேர்ந்து சிரித்தாள். இத்தனை வீகன்களை ஒரே இடத்தில் அவள் ஆயுளில் பார்த்ததில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, லெஸ்டர் என்ற லாரி ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலைபோல் ஆள். நெஞ்சுவலி வந்து, டாக்டர் சொல்லி, மூன்று மாதமாகத்தான் வீகன். ரொட்டியில் பீன்ஸை அமுக்கி வாயருகே கொண்டுபோனார்.

ராபர்ட்டா மூடியைத் திருகப் போனவள், அவர் ரொட்டியைப் பார்த்தாள். பெட்ரோல் பங்க் ரொட்டி.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அதுல பால் பவுடர் கலப்பாங்களே, பார்த்தீங்களா?"

"தெரியலையேம்மா. ரொட்டிதானேன்னு வாங்கினேன். பசி உயிர் போகுது."

"பசின்னு சொன்னா யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. உறையைக் குடுங்க."

மற்றவர்களும் மெல்ல எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். வீகனாகி ஒரு வருஷம் ஆகாதவர்களைத் தனியாக உட்கார வைப்பதுதான் முறை என்றார் ஒருவர். யார் எத்தனை வருஷம் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாமே என்றாள் அந்தப் பெண்மணி. காரிலிருந்து யாரோ காகிதம் கொண்டுவந்தார்கள்.

ராபர்ட்டாவின் செல்போன் அலறியது. கல்யாண வீட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, ஒரு முக்கியமான அலுவல்ல இருக்கேன்," என்று சொல்லி வைத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொட்டி உறையை வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினாள். இருபத்து மூன்று சேர்மானம் போட்டிருந்தது. லெஸ்டர் ரொட்டியை மடியில் வைத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார்.