கிளிப் அண்ணனும் நீலச் சாயமும்

ஊவா மாகாணத்தில் கிளிப் அண்ணனிடம் விரல் நீட்டாதவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், ஓடத் தெரிந்தவர்கள்.

தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். கொரோனாக் காலத்தில், விரலைக் கவ்வி இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் கிளிப் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் பதுளைத் தெருவில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். ஓட்டக்காரனான நான், ஒரே தடவை பிடிபட்டதில், தொண்ணூற்றேழு. மொனராகலை பஸ் கண்டக்டரையும் விடவில்லை. "தொண்ணூத்தாறு! மூச்ச நல்லா இழுங்க தம்பி, டிக்கெட்ட அப்புறம் கிழிக்கலாம்!"

அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், அண்ணன் யாருடைய விரலையும் கேட்கவில்லை. தெருவே பயந்துபோனது.

சத்திரசிகிச்சை ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று பத்துக்கு (என் நாட்குறிப்பில் இருக்கிறது) எங்களை வார்டுக்குள் விட்டார்கள். அக்கா அரைக்கண் திறந்து படுத்திருந்தார். முகம் சாம்பல் நீலம். அண்ணன் நேரே போய்க் கிளிப்பை மாட்டினார்.

தொண்ணூறு!

"மிஸ்! ஓடி வாங்க மிஸ்! எம் பொண்டாட்டி போறா!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. வேறு விரலில் மாட்டினார், தொண்ணூறு. தன் விரலில், தொண்ணூற்றெட்டு. "என்னோடத எடுத்து அவளுக்குக் குடுங்க மிஸ்!"

தாதி போய் மயக்க மருந்து டாக்டரையே அழைத்து வந்தார். நோய் அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, அங்குள்ள எந்த நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிப்பது என்று காட்டும் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றியிருந்தார்களாம்.

"கிளிப் வெளிச்சம் பாய்ச்சி ரத்தத்தோட நிறத்தத்தான் பாக்குது. சாயம் கலந்தா ஏமாந்துரும். தியேட்டர்ல எங்க மெஷின்லயும் நம்பர் இறங்குச்சு. சாயம்தானேன்னு விட்டுடல; மணிக்கட்டுல ரத்தம் எடுத்துப் பாத்தோம். ஒட்சிசன் சரியா இருக்கு."

"மெஷின் பொய் சொல்லுமா, டாக்டர்?" அண்ணன் அழுதேவிட்டார்.

படுக்கையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"முப்பது வருசமா கொழுந்தெடுத்துத் தராசுல போட்டவ நான். தராசு கொறச்சுக் காட்டுனா, கூடையில கொழுந்து கொறஞ்சிருமா? உக்காருங்க பேசாம."

அண்ணன் உட்கார்ந்தார். கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அது கவ்வியிருந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

மறுநாள் அக்காவுக்குச் சிறுநீர் பச்சையாகப் போனதற்கும் கத்தினார். நல்லவேளை, அதற்குக் கிளிப் கிடையாது. பிறகு, நோய் பரவவில்லை என்று அறிக்கை வந்தது.

நேற்று பஸ் நிலையத்தில் இருவரும் வருவதைத் தூரத்திலேயே கண்டேன். அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது.

நான் ஓடவில்லை. விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.