எதைச் சொன்னாலும் டிக் என்ற லோடு வண்டி

ஒரு காட்டில், ரோடு போட்டாகிவிட்டது என்று ரிப்போர்ட்டில் மட்டும் இருந்த ஒரு காட்டில், பூங்காவனம் என்றொரு பெண் கரடி வசித்து வந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு லோடு வண்டி உண்டு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், கரடி உட்கார்ந்தால் ஒருவர்தான். பின்னால் திறந்த தொட்டி. மலை மேலிருக்கும் பலாத்தோப்பில் பழம் ஏற்றி அடிவாரச் சந்தையில் இறக்குவது அதன் பிழைப்பு. தோப்பின் முதலாளி தனக்கோட்டி என்ற முயல். முயலுக்கு எதற்குப் பலாத்தோப்பு என்று கேட்காதீர்கள். சிலருக்கு, தான் சாப்பிடாத பொருளில்தான் சொத்து சேரும்.

பலா பழுக்கத் தொடங்கிய வாரம் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். வண்டி ஓடும்போதும் வந்தது, எஞ்சினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி வைத்தாலும் வந்தது. முயல் முதலாளி இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“என்ன பூங்காவனம், வண்டி என்னமோ சொல்லுது?”

“சின்னச் சத்தம்தான் முதலாளி. ஓட்டத்துல சரியாயிடும்.”

“பாதி வழியில நின்னா பழம் வெயில்ல வெடிச்சிரும். சத்தத்தை நிறுத்திட்டு வா, லோடு தரேன். இல்லேன்னா காட்டுப்பன்னி வண்டி சும்மாதான் நிக்குது.”

இந்த சீசனை விட்டால் கரடி மறுபடி தேன்கூடு தேடி மரம் ஏற வேண்டும். தேனீக்களும் முன்போல இல்லை, சங்கம் வைத்துவிட்டன. எனவே அது நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை விட்டது.

அந்தக் காட்டுக்கு ஒரே மெக்கானிக், ஏகாம்பரம் என்ற குரங்கு. கழற்றுவதில் கெட்டிக்காரன். மாட்டுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்த இடத்தில் அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஏதாவது சொல்லி வாயை மூடும் நேரத்தில் பல்லி டிக் என்றால், சொன்னது சத்தியம். கேட்டவர்கள் விரலால் தரையைத் தட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குமேல் வாதாடக் கூடாது. சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குரங்கு பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டது. “இது டேப்பெட் சத்தம்க்கா.”

டிக், என்றது வண்டி.

குரங்கு திடுக்கிட்டுத் தரையைத் தட்டியது. கரடியும் தட்டியது. டேப்பெட்டைச் சரிசெய்தார்கள். சத்தம் போகவில்லை.

“அப்போ இன்ஜெக்டர்தான்.”

டிக். தட்டினார்கள், மாற்றினார்கள். சத்தம் இருந்தபடியே இருந்தது.

“சைலன்சர்ல ஓட்டை இருக்கும்.”

டிக்.

“போன அமாவாசைக்கு எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தாம வண்டியை எடுத்துட்டீங்க.”

டிக்.

“ஏகாம்பரம், நீ சொல்றதுக்கெல்லாம் ஆமாங்குதே. ஒரு தடவை உள்ளே நல்லாப் பாரேன்ப்பா.”

“எதுக்குக்கா பாக்கணும்? அதான் வண்டியே சொல்லுதே.”

அங்கே ஒரு நரி தன் ஸ்கூட்டருக்கு ஹாரன் மாற்றக் காத்திருந்தது. அது இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெல்ல எழுந்து வண்டி அருகில் வந்து, நாலு பேர் காதில் விழும்படி, “அன்னைக்கு அந்தக் கோழி தானா வந்து என் வாயில விழுந்துச்சு” என்றது.

டிக்.

ஷெட்டில் இருந்த எல்லோரும் தரையைத் தட்டினார்கள். கோழியின் புருஷனும் அங்கேதான் நின்றிருந்தார். அவரும் தட்டினார், வழக்கம் வழக்கம்தானே.

மறுநாள் ஷெட்டின் முன்னால் வரிசை நின்றது. காகம் வந்து தனக்கு நல்ல குரல் என்றது. எருமை தனக்குச் சுறுசுறுப்பு அதிகம் என்றது. ஓணான் தான் முதலையின் நேர் வாரிசு என்றது. வண்டி ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அந்தக் காட்டில் அதுவரை பல்லி வேலை பார்த்து வந்த பல்லி, மனம் வெறுத்து ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் குடி போய்விட்டது.

ஏகாம்பரம் நெற்றியில் கிரீஸால் பட்டை போட்டுக்கொண்டு பூசாரி ஆனது. வண்டிக்கு மாலை போட்டது, சுற்றிலும் கயிறு கட்டியது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாதலால் காணிக்கையாக டீசல் மட்டும் வாங்கியது. மதியம் நடை சாத்தும் நேரத்தில்தான் எஞ்சினை அணைக்கும்.

“ஏகாம்பரம், அது என் வண்டி. சீசன் போயிட்டு இருக்கு” என்று கரடி கெஞ்சியது.

“சாமி முதுகுல பலாப்பழம் ஏத்துவீங்களாக்கா? நீங்க இப்போ சாமியோட டிரைவர். உங்களுக்கு இனிமே என்ன குறை?”

“சாமியோட டிரைவருக்கு யாரு சோறு போடுவா?”

“சாமி போடும்.”

டிக், என்றது வண்டி. கரடி பசியோடு தரையைத் தட்டியது. அதே நேரம் காட்டுப்பன்றியின் வண்டி பழம் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனது. பலா வாசனை ஷெட் முழுக்க வந்து நின்றது. கரடிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மதியம் நடை சாத்தியிருந்தது. பூசாரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கரடிக்கு முதுகு அரித்தது. கவலை வந்தால் கரடிக்கு முதுகுதான் அரிக்கும். சொறிவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பானெட்டைத் திறந்து கையை விட்டுத் துழாவியதில், நீளமாக ஒரு குச்சி கையோடு வந்தது. ஆனந்தமாகச் சொறிந்துகொண்டது. சொறிந்து முடித்தபின்தான் குச்சியைப் பார்த்தது. அது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. நுனியில் ஆயில் இருக்க வேண்டும், ஆனால் குச்சி கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினோம் என்று கரடி யோசித்தது. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஷெட்டில் இருந்த கேனை எடுத்து ஆயிலை ஊற்றி, சாவியைத் திருகியது. எஞ்சின் ஓடியது. காத்திருந்து பார்த்தது. டிக் வரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தது, அப்போதும் வரவில்லை. கரடி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. இப்படியே மலைக்கு விட்டுவிடலாம் என்று கியரைப் போடும்போது, எதிரே தாரை தப்பட்டையோடு சிங்கராஜா வந்துகொண்டிருந்தார்.

சிங்கம் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சாதனைகளைச் சத்திய வண்டியின் முன்னால் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. காடே கூடிவிட்டது. பூசாரி எழுந்து ஓடிவந்து கிரீஸைப் பூசிக்கொண்டது. கரடி எஞ்சினை அணைக்காமல் நைசாக இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டது.

“என் ஆட்சியில இதுவரைக்கும் ஒரு மான்கூடக் காணாமப் போகல” என்றார் சிங்கராஜா.

எல்லோரும் தட்டுவதற்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எஞ்சின் அமைதியாக ஓடியது.

சிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் சத்தமாக அதையே திரும்பச் சொன்னது. ஒன்றும் வரவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு மான் மெல்லத் திரும்பித் தன் குடும்பத்தை எண்ணத் தொடங்கியது.

“என்னக்கா பண்ணித் தொலைச்சீங்க?” என்று குரங்கு பல்லைக் கடித்தது.

“ரிப்பேர் பண்ணிட்டேன்.”

“ரிப்பேரா? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?”

“இந்த வண்டி யாருது?” என்று சிங்கம் கேட்டது. பல் முழுவதும் தெரிந்தது.

“அக்காவோடது ராஜா” என்றது குரங்கு. “நான் வெறும் மெக்கானிக்குங்க.”

உண்மையைச் சொன்னால் வண்டி மிஞ்சும், ஓட்டுவதற்கு ஆள் மிஞ்சாது. கரடி சட்டென்று வண்டிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தது.

டிக்.

காடு முழுக்கத் தரையைத் தட்டியது. மானும் எண்ணுவதை விட்டுவிட்டுத் தட்டியது. சிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. காட்டில் பசி இல்லை என்றது, டிக். அருவி தன் யோசனை என்றது, டிக். சூரியன் தன்னைக் கேட்டுத்தான் எழுகிறது என்றது, அதற்கும் டிக். பொழுது சாயும்வரை பேசியது. கரடியின் நாக்கு வீங்கிவிட்டது.

போகும்போது சிங்கம் மனம் குளிர்ந்து, “உனக்கு என்ன வேணும், கேள்” என்றது. கரடி பேச முடியாமல் வண்டியையும் மலையையும் காட்டியது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஏகாம்பரமே அவிழ்த்தது.

கரடி ஒரே மிதியில் மலை ஏறியது. தோப்பில் இன்னும் பழம் மிச்சம் இருந்தது. முயல் முதலாளி காதைத் தூக்கி வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“சத்தம் சுத்தமாப் போயிருச்சே. சந்தோஷம். லோடு ஏத்திக்க பூங்காவனம். போன வருஷ வாடகையே போதும்தானே?”

டீசல் விலை ஏறிவிட்டது, கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லத்தான் கரடி வாயைத் திறந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

டிக்.

முயல் ஆச்சரியத்தோடு குனிந்து தரையைத் தட்டியது. பிறகு தலையைச் சாய்த்துக் கரடியையே கொஞ்ச நேரம் பார்த்தது.

“அதுலயும் பாதி போதும்னு உன் மனசு சொல்லுது, இல்ல?”

கரடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. உள்ளேயிருந்து டிக் என்றது.

“எனக்காக வாடகையே வேண்டாம்னு விட்டுக் கொடுத்துடுவே. நல்லவ நீ.”

டிக். முயல் தரையைத் தட்டிவிட்டு லோடு ஏற்ற ஆள் கூப்பிட்டது. பலாப்பழம் நிரம்பிய வண்டி மலையிலிருந்து இறங்கியது. எஞ்சினில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

நீதி: வாரம் ஒருமுறை வண்டியில் ஆயில் அளவு பார்க்கவும். பார்க்கத் தவறியவர்கள் ஆயுசுக்கும் ஆமாம் போட வேண்டி வரும்.