பெட்டை சொல்லும் மோதிரம்

கோழிப் பண்ணை வாசலில் அன்றும் கூட்டம் அலைமோதியது. ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் நின்றிருக்க மாட்டார்கள். எல்லாம் பண்ணைக்காரரின் மோதிரம் செய்த வேலை. நூலில் கட்டிய அந்த மோதிரத்தைக் கூடைக்கு மேலே பிடிப்பார். வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். குஞ்சைத் துணியால் மூடித்தான் வைக்க வேண்டும். மனிதக் கண் பட்டால் மோதிரத்துக்குக் கோபம் வருமாம். பெட்டைக்கு இரட்டை விலை. விசேஷம் என்னவென்றால், மோதிரம் நேராக ஆடியதை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

வரிசையில் கூடையோடு நின்றிருந்த தையற்காரிக்கு இந்த மோதிரத்தின் மகிமை நன்றாகவே தெரியும். முட்டை விற்றுப் பிழைக்கலாம் என்று அவள் மாமியார் இங்கேதான் ஒரு கூடை நிறையப் ‘பெட்டை’ வாங்கினார். கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தார். கொண்டை சிவந்தது, வால் வளைந்தது, ஒருநாள் விடியற்காலையில் அத்தனையும் சேர்ந்து கூவின. தெருவே எழுந்துகொண்டது. முட்டைதான் வரவில்லை.

மாமியார் பண்ணைக்கு ஓடினார். பண்ணைக்காரர் அசரவில்லை.

“நான் குடுத்தது சுத்தமான பெட்டைம்மா. உங்க வீட்ல யாரோ சந்தேகப்பட்டுப் பாத்திருக்காங்க. அந்தப் பார்வை பட்டுத்தான் சேவலா மாறிடுச்சு.”

குஞ்சு வாங்கிய அன்றே சிரித்தவள் மருமகள். போதாதா? அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு குஞ்சு வாங்கச் சொல்லிப் பண்ணைக்காரர் பரிகாரமும் கொடுத்தார். கணவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு வசதியாகச் சுவரைப் பார்த்தான். பையில் துணி அடுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. சேவல் கூவியதற்கு மனுஷி வீட்டைவிட்டுப் போவதா என்று ஆத்திரமும் வந்தது.

“போறேன் அத்தை. அந்தப் பண்ணைக்காரர்கிட்ட ஒரே ஒரு கூடையைக் காட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க.”

இதோ, அவள் முறை வந்துவிட்டது. மாமியார் பின்னால் கூட்டத்தோடு நின்றார். அவள் மூடிய கூடையை நீட்டினாள்.

“இங்க வாங்கினதுதான் ஐயா. பெட்டைதானான்னு பாத்துச் சொல்லுங்க.”

“நம்ம பண்ணைக் குஞ்சாச்சே!” மோதிரம் கிறுகிறுவென்று சுற்றியது. “அருமையான பெட்டை. வாரத்துக்கு ஆறு முட்டை நிச்சயம்.”

“சத்தமே போட மாட்டேங்குதே?”

“சாதுவான குஞ்சும்மா. குடும்பத்துக்கு ஏத்தது.”

துணியை எடுத்தாள். உள்ளே கிடந்தது ஒரு பழைய செருப்பு.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பண்ணைக்காரர் ஒரு நொடிதான் தடுமாறினார்.

“பாத்தீங்களா! இவ சந்தேகத்துல குஞ்சு செருப்பாவே மாறிடுச்சு!”

நம்புவீர்களா, முன்வரிசையில் இரண்டு தலைகள் ஆமாம் என்று ஆடின!

“யோவ், அது என் செருப்புய்யா!” மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “வார் அறுந்து நானே தைச்சது. இதுவா ஆறு முட்டை போடும்?” பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “தப்புப் பண்ணிட்டேன்மா. வா, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அதற்குள் கூட்டம் பண்ணைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. அவரவர் வீட்டில் கூவுவது அவரவர் காதில் அப்போதுதான் விழுந்தது போலும்.

மோதிரத்தைச் சுற்றியது அவருடைய விரல்தான். அது எல்லோர் கண்ணெதிரேதான் இருந்தது. துணியை ஒருமுறை தூக்கிப் பார்க்கத் தோன்றாதவர்கள், செருப்பையும் அடைவைத்துவிட்டுக் குஞ்சு பொரியும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.