என்.பி.ஓ. கலியமூர்த்திக்கு நாலு இட்லி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பத்திரண்டு வயது வரை வாய் வரவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். (வறுமை என்று கதை விட மாட்டேன். கணக்கு டீச்சர் திட்டினார், ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகாராணிக்கு அவ்வளவு கௌரவம்.) அப்புறம் கல்யாணம், ஒரு பெண், கடலூரில் ஒரு மருந்துக்கடையில் ஏழு வருஷ வேலை. மாத்திரை அட்டை எடுத்துக் கொடுத்தே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. அந்தத் திமிரில் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தனித்தேர்வாக எழுதி, சிதம்பரத்தில் நர்சிங் சேர்ந்தேன்.

"இந்தத் தடவையும் பாதியில வந்தேன்னு வையி, ஆயுசுக்கும் மருந்துக்கடைதான்" என்றார் வீட்டுக்காரர். அது எனக்கும் தெரியும்.

வகுப்பு முழுக்கப் பதினெட்டு வயசுப் பெண்கள். என்னை அக்கா என்று கூப்பிட்டு, சந்தேகமெல்லாம் என்னிடம் கேட்டார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதுகள் நோட்டில் எழுதிக்கொண்டன. பாவம்.

முதல்முதலாக வார்டுக்கு அனுப்பிய காலை. ஒரு கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. மேலே இங்கிலீஷில் என்.பி.ஓ., அதன் கீழே கலியமூர்த்தி.

"என்.பி.ஓ.ன்னா என்னாக்கா?" என்றாள் கூடப் படிக்கும் திவ்யா.

"இனிஷியல்டி. மொதல்ல ஊரு, அப்புறம் தாத்தா, அப்புறம் அப்பா. என்னுன்னா நெல்லிக்குப்பம். பி, பெருமாள்." ஓவுக்குத்தான் கொஞ்சம் திணறினேன். "ஒப்பிலியப்பன்."

நெல்லிக்குப்பம் நான் பிறந்த ஊர். விட முடியுமா?

"நீங்க நெல்லிக்குப்பங்களா?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் பார்வை என் கையிலிருந்த டிபன் பாக்ஸில் இருந்தது. "ஆமாம்மா."

"சாப்டீங்களா?"

"நேத்துலேருந்து ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கலம்மா."

மூன்று இனிஷியல் வைத்திருக்கிற மனுஷனை, அதுவும் நம்ம ஊர்க்காரரைப் பட்டினி போட்டிருக்கிறார்களே என்று எனக்குப் பொங்கிவிட்டது. என் நாலு இட்லியையும் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று தண்ணீர் வேறு ஊற்றினேன். (சேவை!)

அரை மணி நேரத்தில் அவரைக் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வந்தார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

"இப்பத்தாங்க. சட்னிதான் கொஞ்சம் காரம்."

ஆபரேஷன் நின்றது. வார்டு சிஸ்டர் என்னை இழுத்துவந்து அந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இது என்னா?"

"அவுரு இனிஷியல், சிஸ்டர்."

"வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். மயக்கத்துல அந்த இட்லி மேல வந்து நுரையீரல்ல எறங்கியிருந்தா ஆளே போயிருப்பாரு. தெரியலன்னா கேக்க மாட்டியா? பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

பழைய ரோஷம் கிளம்பியது. கை பையைத் தேடியது. ஆனால் 'ஆளே போயிருப்பாரு' காதை விட்டுப் போகவில்லை. பயத்தில் அழுதுவிட்டேன். "எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். நான் காட்டுமன்னார்கோயில். இட்லிக்காவ நெல்லிக்குப்பம்னு பொய் சொல்லிட்டேன்."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தண்டனை, ஒரு மன்னிப்புக் கடிதம். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, கார்டியன் கையெழுத்தோடு தர வேண்டும். முப்பத்திரண்டு வயசுக் குழந்தைக்குக் கார்டியன் யார்? வீட்டுக்காரர்தான். இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எங்கள் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

கலியமூர்த்தி மறுநாள் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார். நானும் படிப்பை முடித்தேன். கடலூரில் வேலை கிடைத்த அன்று, வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெயர்ப்பலகை செய்துவந்து வாசலில் மாட்டினார்: என்.பி.ஓ. விஜயா, செவிலியர்.

வருகிறவர்கள் எல்லாம் இனிஷியலுக்கு விளக்கம் கேட்கிறார்கள். "நெல்லிக்குப்பம், பெருமாள், ஒப்பிலியப்பன்" என்கிறார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கழட்டச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ன இருந்தாலும், கடைசியில் செவிலியர் என்று போட்டிருக்கிறதே.