குறை சொல்லப் பழக்கிய குவெச் அண்ணை

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழர்களில் ஒழுங்காகக் குறை சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் அகதியாக வந்தவர்கள். கால் முறிந்து கிடந்தாலும் ஜெர்மன்காரர் வந்து கேட்டால் "ஆலஸ் கூட்", எல்லாம் நல்லம், என்று சிரித்துக்கொண்டு சொல்லுவோம். இருக்க விட்டதே பெரிய காரியம், இதற்குள் குறை வேறா என்ற நினைப்பு.

குவெச் அண்ணைக்கு அந்த நினைப்பு கிடையாது. அவர் பதினொரு வருடம் நியூயோர்க்கில் ஒரு யூத அம்மாவின் பேக்கரியில் மா குழைத்தவர். கலியாணம் முடித்து, இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த கொஞ்சக் காலத்தில், மனைவி இருந்த எங்கள் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் பழக்கியது அந்த முதலாளியம்மாதான். அதனால் அவருடைய ஆங்கிலத்தில் பாதி இத்திஷ். ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவுக்குத் தங்களோடு கொண்டுபோன மொழி அது. அங்கே அதன் சொற்கள் எல்லோர் வாயிலும் புழங்குமாம்.

பாரத்தை இழுத்துக்கொண்டு நடந்தால் 'ஷ்லெப்'. கைபட்டதையெல்லாம் உடைக்கிறவன் 'குளுட்ஸ்'. கூச்சமில்லாமல் போய்க் கேட்கிற துணிச்சல் 'ஹுட்ஸ்பா'. பெருமூச்சுக்கு 'ஓய் வேய்'. விடாமல் குறை சொல்லிக்கொண்டே இருப்பது 'குவெச்'. இந்தக் கடைசிச் சொல்லை நாளுக்கு நாற்பது தரம் சொல்லுவார். அதுவே அவருக்குப் பெயராகிப்போனது. சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பஸ் பிந்தினால் குறை சொல்லுவார். நேரத்துக்கு வந்தால், ஒரு சிகரெட் பத்த விடுகிறார்கள் இல்லை என்று குறை சொல்லுவார். கோயில் அன்னதானத்தில் பாயாசம் தண்ணி என்றார். பரிமாறியவர் ரோசத்தில் வாளியின் அடியிலிருந்து கசுக்கொட்டையும் முந்திரிகை வத்தலுமாக அள்ளி ஊற்றினார். குடித்துவிட்டு, "கசுக்கொட்டை கூடிப்போச்சு" என்றார்.

ஒருநாள் கேட்டேன்.

"அண்ணை, அமெரிக்காச் சொல்லுகளை ஏன் இங்கையும் காவிக்கொண்டு திரியிறியள்?"

"முதலாளியம்மாவின்ர தாய் தேப்பன் ஜெர்மனியிலயிருந்து துரத்துப்பட்ட ஆக்கள், தம்பி. வீடு வாசல் எல்லாத்தையும் விட்டிட்டு வாயோட போனவை. அந்தச் சொல்லுகளை நான் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறன். கஸ்டம்சில ஒருத்தரும் மறிக்கேல்லை."

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாலாம் மாடியில் வாடகை வீடு. மனைவிக்கு ஏழு மாதம். தை மாதம் பிள்ளை பிறக்க வேண்டும். படுக்கையறைச் சூடாக்கி ஐப்பசியிலேயே செத்துவிட்டது. சுவரில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. பிறக்கப்போகிற பிள்ளையின் தொட்டிலுக்கு அந்தச் சுவரோரம் தவிர வேறு இடமில்லை. நாங்கள் என்ன செய்தோம்? பூஞ்சணத்தின்மேல் முருகன் கலண்டரைத் தொங்கவிட்டோம். பூஞ்சணம் கலண்டரைத் தாண்டியபோது அதைவிடப் பெரிய கலண்டர் வாங்கினோம். வீட்டு நிர்வாகத்துக்காரர் பார்த்தால் எங்களை ஊத்தை ஆட்கள் என்று நினைத்துவிடுவாரே!

தேத்தண்ணி குடிக்க வந்த குவெச் அண்ணை மணத்தைப் பிடித்துவிட்டார். நேரே போய்க் கலண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓய் வேய்! இதுக்குள்ளையோ பிள்ளை வளர்க்கப் போறியள்? நிர்வாகத்து மனுசனிட்டைச் சொன்னனீரோ?"

"அவர் வருசா வருசம் வந்து கேக்கிறவர், அண்ணை. ஆலஸ் கூட் எண்டு சொல்லுறனாங்கள்."

"பிறகு?"

"சாப்பிட ரோல்ஸ் பொரிச்சுக் குடுக்கிறனாங்கள்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அங்கேயே எனக்குப் பாடம் எடுத்தார். முறைப்பாடு வேறு, குவெச் வேறு. முறைப்பாடு ஒருக்காச் சொல்லுவது. குவெச் பதில் வருமட்டும் சொல்லுவது. கோபப்படக் கூடாது, பெருமூச்சு விட வேண்டும். முக்கியமாக, ரோல்ஸ் கொடுக்கக் கூடாது.

அடுத்த கிழமை நிர்வாகத்துக்காரர் வந்தார். குவெச் அண்ணை கோட்டுச் சூட்டோடு எங்கள் கதிரையில் இருந்தார். மனைவி அண்ணையிடம் சத்தியம் பண்ணிய மாதிரியே ரோல்ஸ் செய்யவில்லை. பற்றிஸ் பொரித்திருந்தாள். "வீட்டுக்கு வந்த மனுசனை வெறும் வாயோட அனுப்ப ஏலுமே?"

நிர்வாகத்துக்காரர் ஒன்றைக் கடித்துக்கொண்டு, "ஆலஸ் கூட்?" என்றார்.

"ஆலஸ் கூட்" என்றேன் நான். பன்னிரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

குவெச் அண்ணை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பினார். கலண்டரைக் கழற்றினார். ஆங்கிலம், இத்திஷ், உடைந்த ஜெர்மன் மூன்றையும் குழைத்து முக்கால் மணி நேரம் குறை சொன்னார். சுவர், சூடாக்கி, படி, யன்னல், யன்னலுக்கு வெளியே தெரிந்த வானம் ஒன்றும் தப்பவில்லை. நிர்வாகத்துக்காரர் பொறுமையாக நாலு பற்றிஸ் சாப்பிட்டார். பிறகு பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தார். ஒவ்வொரு வருடமும் 'குறை ஒன்றுமில்லை' என்று நான் போட்ட கையெழுத்துகள். பூஞ்சணம் நாங்கள் வளர்த்ததாம், நிர்வாகம் பொறுப்பில்லையாம்.

குவெச் அண்ணை தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இனி என்னால ஏலாது. கையெழுத்து உம்மடை. வாயும் உம்மடையாத்தான் இருக்கவேணும்."

மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குளிருது" என்று ஜெர்மனில் சொன்னேன். "தை மாதம் பிள்ளை வரப்போகுது. அது இதுக்குள்ள படுக்க ஏலாது. பயத்தில கையெழுத்துப் போட்டனான். அந்தக் கையெழுத்தெல்லாம் பொய்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. களவுபோன சைக்கிள், அடையாள அட்டையில் வேறு யாரோ மாதிரி விழுந்த என் படம், முகாமில் ஆறு மாதம் தின்ற உருளைக்கிழங்கு, அம்மாவின் செத்தவீட்டுக்குப் போக விசா கிடைக்காதது எல்லாம் வந்தன. ஜெர்மன் முடிந்ததும் தமிழில் சொன்னேன். நிர்வாகத்துக்காரர் ஐந்தாவது பற்றிஸைத் தட்டில் திரும்ப வைத்தார். குவெச் அண்ணை கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓய்ந்ததும் நிர்வாகத்துக்காரர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, 'சூடாக்கி, சுவர்' என்று எழுதினார். வியாழக்கிழமை திருத்த வேலைக்கு ஆட்கள் வந்தார்கள்.

"எப்பிடி அண்ணை?" என்று கேட்டேன்.

"உருளைக்கிழங்கைக் கொஞ்சம் இழுத்திட்டீர்" என்றார்.

தை மாதம் மகள் பிறந்தாள். பார்க்க வந்த குவெச் அண்ணை கோட்டைக் கழற்றி, சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றி, "என்ன வெக்கையப்பா, மனுசர் இருக்கிறதே இதுக்குள்ள?" என்று ஒரு மணி நேரம் குறை சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளையை அவர் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

அவர் காலமாகிவிட்டார். எனக்குக் குறை சொல்லப் பழக்கிய மனுசன், நன்றி சொல்லப் பழக்காமல் போய்விட்டார். அண்ணை, என் பிள்ளைக்கு அந்த வெக்கை நீங்கள் தந்தது.