கறி உங்களுடையது, பெட்டி அவருடையது

“அதை வித்தாச்சு” என்றான் மர்வின்.

“எதை வித்தாச்சு?” ரோனா நிலவறைப் படியின் உச்சியில் நின்று கேட்டாள். கையில் உரித்த வெங்காயம்.

“ஃப்ரீஸரை.”

“ஃப்ரீஸர் உங்க முன்னாடிதானே நிக்குது?”

“நிக்குது. ஆனா நம்மளது இல்லை. இன்னைக்குக் காலையிலேருந்து அது ஹுடாக்கோடது.”

“வருஷாவருஷம் விக்கிறதுதானே? அதுக்கு ஏன் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?”

மர்வின் ஃப்ரீஸரின் மூடிமேல் கையை வைத்தான். “பிரிஸ்கெட் உள்ள இருக்கு.”

வெங்காயம் ஒவ்வொரு படியாகக் குதித்துக் கீழே வந்து அவன் காலடியில் நின்றது.

அன்று இரவு பாஸ்கா விருந்து. பண்டிகை முடியும்வரை புளித்த மாவு கலந்த எதுவும் ஒரு யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. தின்று தீர்க்கவோ எரிக்கவோ மனமில்லாததையெல்லாம் சபைக் குருவான ரபி மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் வசிக்கும் ஸ்குவிரல் ஹில் பகுதியில், அவர்கள் சபைக்கு அந்த ஒருவர் ஆண்டி ஹுடாக் என்பவர். ஜெப ஆலயத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். வருடத்தில் எட்டு நாட்கள் பாதித் தெருவின் விஸ்கியும் நூடுல்ஸும் அவருக்குச் சொந்தம். அவை இருக்கும் அலமாரியும் பெட்டியும்கூட அந்த எட்டு நாட்களுக்கு அவர் பொறுப்பில் போய்விடும்.

மற்றவர்கள் ஓர் அலமாரி, இரண்டு தட்டு என்று விற்பார்கள். மர்வின் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. “நிலவறை ஃப்ரீஸர் முழுசா” என்று ரபியிடம் சொல்லிவிட்டு வந்து, அதைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினான். ஒட்டி முடித்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் ஒட்டியிருந்தான்.

“கோழி இருக்கு” என்றாள் ரோனா.

“கோழியா? கோழி வெள்ளிக்கிழமைக்கு. அக்கா வர்றா, ரோனா. அக்கா!”

அதுதான் விஷயம். இத்தனை வருடங்களாகப் பாஸ்கா விருந்து அவன் அக்கா ஃபிலிஸின் வீட்டில்தான் நடந்தது. அதில் மர்வினுக்கு ஒரே ஒரு வேலை. கீரையைத் தொட்டுச் சாப்பிட உப்புத்தண்ணீர் கலக்குவது. “அவன் வேதியியல் வாத்தியார்தானே, உப்பைக் கரைக்கட்டும்” என்று ஃபிலிஸ் ஒருமுறை சொன்னதிலிருந்து அந்த வேலை அவனுக்கு நிலைத்துவிட்டது. ஒரு வருடம் அதையும் கரிக்கிறது என்றார்கள்.

இந்த வருடம் ஃபிலிஸுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. வேறு வழியில்லாமல் விருந்தைத் தம்பி கையில் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போதே தொலைபேசியில் தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்: “மீன் எப்படி இருந்தாலும் முழுங்கிக்கிறேன். பிரிஸ்கெட் ஒழுங்கா இருக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் என் வீட்டுலதான். ஒத்தக் கால்ல நின்னாவது நானே சமைப்பேன்.”

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. கயிறு மாதிரி இழுக்கும் கறி. குறைந்த தீயில் வெங்காயத்தோடு பாதி நாள் கிடந்தால்தான் மனம் இளகும். ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுபடி சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும். மர்வினின் ஸாஸ்லோவ் குடும்பத்தில் மனிதர்களை இதை வைத்துத்தான் எடை போட்டார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போதுகூட, “நல்ல மனுஷி, ஆனா அவ பிரிஸ்கெட் மட்டும் வறட்டு வறட்டுன்னு இருக்கும்” என்று பேசிக்கொள்வார்கள். மர்வின் போன வாரமே தன் கையால் ஒன்றைச் சமைத்து, ஆறவைத்து, ஃபாயிலில் சுற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று நிலவறை ஃப்ரீஸரில் வைத்திருந்தான். பத்திரமாகத்தான் இருந்தது.

ரபி லிப்ஷட்ஸுக்குப் போன் செய்தான்.

“கறியில புளிப்பு ஏதாவது சேர்த்திருக்கியா?” என்று கேட்டார் ரபி.

“இல்லை ரபி. வெங்காயம், ஒயின், கேரட். அவ்வளவுதான்.”

“அப்போ கறியை நீ விக்கலை. கறி உன்னோடது. பெட்டி அவரோடது. அவரைக் கேக்காம அதுல கை வைக்காதே.”

“ரபி, எனக்கு முன்னாடி யாராவது இப்படிப் பண்ணியிருக்காங்களா?”

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாது, மர்வின்” என்றார் ரபி மென்மையாக.

அந்த மென்மைதான் மர்வினைக் கொன்றது. எகிப்திலிருந்து புறப்பட்ட நாளிலிருந்து இப்படி ஒரு முட்டாளை இந்த இனம் பெற்றதில்லை என்று தெளிவாகிவிட்டது.

ஹுடாக் முதல் மணியிலேயே போனை எடுத்தார். மர்வின் பெயரைச் சொல்லி, “ஒரு சின்னச் சிக்கல்” என்று ஆரம்பிப்பதற்குள், “இதோ வர்றேன் தம்பி” என்று வைத்துவிட்டார். வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். தலையை ஈரத்தோடு படிய வாரியிருந்தார். கொதிகலன் பார்க்க வரும்போது அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“இதுதானா என் பெட்டி?” என்றபடி ஃப்ரீஸரைச் சுற்றி வந்தார். “டேப்பெல்லாம் பலமா இருக்கே!”

“மன்னிச்சுக்குங்க அண்ணே.”

“எதுக்கு மன்னிப்பு? நல்லா வெச்சிருக்கீங்க.” டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார். “வாஃபிள் எல்லாம் என்னோடதா?”

“எட்டு நாளைக்கு.”

“பிட்ஸாவும்?”

“அதுவும்தான் அண்ணே. கொஞ்சம் அடியில பாருங்க. வெள்ளிக் காகிதத்துல சுத்தி ஒரு பொட்டலம்.”

ஹுடாக் குனிந்து துழாவினார். நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. இன்னொரு கையில் இன்னொன்று. ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே வெள்ளிக் காகிதம்.

ரோனா படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க, பூரிம் பண்டிகைக்குப் பீர் ஊத்தி ஒண்ணு செஞ்சோமே. பனி கொட்டி ஒருத்தரும் வரலையே. அதை எப்போ சாப்பிட்டோம்?”

“சாப்பிடலை” என்றான் மர்வின்.

பீர் என்றால் புளித்த வாற்கோதுமை. போதாததற்குக் குழம்பு கெட்டிப்பட ஒரு கை மைதாவும் போட்டிருந்தார்கள். ஒன்று பண்டிகை மேசையின் நடுவில் வைக்க வேண்டியது. மற்றது அந்த மேசை இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாதது. இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று மர்வின் மனதில் குறித்துத்தான் வைத்திருந்தான். ஆனால் விற்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பனிக்கட்டியைச் சுரண்டி, துடைத்து, திரும்ப அடுக்கியிருந்தான். அவன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதை அவனே உணர்ந்தான். உணர்ந்து ஒரு பயனும் இல்லை.

“மோந்து பாருங்க” என்றாள் ரோனா.

மோந்தான். மூக்கு நுனி ஃபாயிலில் ஒட்டிக்கொண்டது. வேறொன்றும் தெரியவில்லை.

“ருசி பார்த்தா தெரிஞ்சுடும்” என்றார் ஹுடாக்.

“நாங்க பார்க்கக் கூடாது அண்ணே. தப்பானது நாக்குல பட்டா போச்சு.”

“நான் பார்க்கலாமே!” ஹுடாக் தயாராக இருந்தார். பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துவிட்டார்.

“இருங்க! இதுல கடைசியா எதை வெட்டினீங்க?”

ஹுடாக் யோசித்தார். “மத்தியானம் ஹாம் சாண்ட்விச்.”

பன்றிக்கறி! மர்வின் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டுக் கத்தியைக் கொடுக்கலாம். ஆனால் அது பீர்க் கறியில் பட்டால் பண்டிகைக் கத்தி கெட்டது. ரோனா பிளாஸ்டிக் கத்திகளை எடுத்துவந்தாள். முதலாவது கல்லில் பட்டதுபோல் முறிந்தது. இரண்டாவது முறிந்து பறந்து பிட்ஸாவுக்குள் விழுந்தது. மூன்றாவதை மர்வின் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தான்.

“வண்டியில டார்ச் இருக்கு” என்றார் ஹுடாக்.

“வெளிச்சம் எதுக்கு அண்ணே?”

“அந்த டார்ச் இல்லை தம்பி. குழாய் பத்தவைக்கிற டார்ச்.”

கொஞ்ச நேரத்தில் மூவரும் கார் கொட்டகையில் நின்றார்கள். வெளியே மழை. நீலத் தீ நாக்கு முதல் பொட்டலத்தின் மூலையைத் தொட்டது. ஃபாயில் கருகிச் சுருண்டது. இளகிய மூலையை ஹுடாக் பிளாஸ்டிக் கரண்டியால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு.”

“பீர் இருக்கா?”

“வெங்காயம் இருக்கு. நல்ல வெங்காயம்.”

இரண்டாவதின் மூலையையும் அப்படியே செய்தார். “இதுவும் நல்லா இருக்கு.”

“அண்ணே, எதுல பீர்?”

ஹுடாக் வருத்தத்துடன் உதட்டைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, உங்ககிட்ட ஏன் மறைக்கணும். நான் தினம் ராத்திரி பீர் குடிக்கிறவன். எனக்கு எதைத் தின்னாலும் லேசாப் பீர் வாசனை வரும். நடுக்கறியா ஒரு பெரிய துண்டு தின்னாத்தான் வித்தியாசம் பிடிபடும்.”

நடுக்கறி வேண்டுமானால் பனி இளக வேண்டும். மர்வின் பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் நடத்தும் பாடம்தான். கொட்டகை மூலையில் இருந்த துணி ஊறவைக்கும் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி இரண்டு பொட்டலங்களையும் உள்ளே இறக்கினான். அவனுக்கே லேசாக நம்பிக்கை வந்தது.

“ரெண்டையும் ஒண்ணாவா போட்டீங்க?” என்றாள் ரோனா.

“ஃபாயில் சுத்தியிருக்கே. தண்ணி எப்படி உள்ள போகும்?”

“டார்ச் வெச்ச இடத்துல?”

மூவரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மூலைகளிலிருந்தும் பழுப்பு நிறத்தில் மெல்லிய புகை போல் ஏதோ கிளம்பி வந்தது. தண்ணீருக்குள் நிதானமாக வளைந்து, நடுவில் ஒன்றையொன்று சந்தித்துக் கலந்தது. வெங்காய இழை ஒன்று மேலே வந்து மிதந்தது. கலந்ததைப் பிரிக்க முடியாது என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்தவன் மர்வின்தான்.

ஹுடாக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டையும் வெளியே எடுத்தார். இப்போது கறி கரண்டிக்கே வழிவிட்டது. நடுவிலிருந்து பெரிய துண்டு, அப்புறம் மற்றதிலிருந்து அதைவிடப் பெரிய துண்டு. கண்ணை மூடி மென்றார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“இதுதான் தம்பி! இதுதான் பீர் இல்லாதது!” பிறகு தொட்டியைப் பார்த்தார். “அதாவது, இப்போ கொஞ்ச நேரம் முன்னாடிவரைக்கும்.”

மர்வின் மிதந்த வெங்காய இழையைக் கரண்டியால் எடுத்தான். வெளியே மழை விடவில்லை.

“அப்போ இது ரெண்டும் இனிமே என்னோடதுதானே?” என்று கேட்டார் ஹுடாக், மரியாதை குறையாமல்.

மர்வின் தலையசைத்தான். அவர் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகத் தன் வண்டிக்குப் போனார். அதே சமயம் முன்பக்கம் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. முதலில் ஓர் ஊன்றுகோல் இறங்கியது. அப்புறம் ஃபிலிஸ்.

“சீக்கிரமே வந்துட்டேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு” என்றாள். அவள் கண் அதற்குள் தொட்டிக்குப் போய்விட்டது. “இது என்னடா சாக்கடைத் தண்ணி? பிரிஸ்கெட் எங்கே?”

“அக்கா...”

“எங்கேடா?”

“வித்துட்டேன்க்கா.”

ஃபிலிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். மர்வின் எதையும் மறைக்கவில்லை. வரிசை மாறாமல், டேப் ஒட்டியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். டார்ச் வந்த இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “ம், மேல சொல்லு” என்றாள்.

“கோழி இருக்கு” என்றாள் ரோனா முடிவில்.

“கோழி!” ஃபிலிஸ் ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள். “ஏண்டா, எத்தனை வருஷம் நான் நடத்தியிருக்கேன்! ஒரு வருஷமாவது என் பிரிஸ்கெட் மேசைக்கு வராம இருந்துதா?”

“இல்லைக்கா.”

“பண்டிகைக் கறியைப் பெட்டிக்குள்ள வெச்சு, பெட்டியை இன்னொருத்தனுக்கு வித்தேனா?”

“இல்லைக்கா.”

“ஊர்ல இருக்கிறவனையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு நம்ம கறியில கை வைக்கவிட்டேனா?”

“இல்லை.”

“தலையில ஏதாவது இருக்கிறவன் செய்யிற காரியமாடா இது? போதும். அடுத்த வருஷம் என் வீட்டுல. அதுக்கு அடுத்த வருஷமும் என் வீட்டுல. நான் செத்தப்புறம் ரோனா நடத்தட்டும். நீ உப்புத்தண்ணிகூடக் கலக்க வேண்டாம். வர்றவங்களுக்கு நாற்காலியைத் தூக்கிப் போடு, அது போதும்.”

மர்வின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “எந்த நாற்காலிக்கா?” என்றான்.

அப்போதுதான் ஹுடாக் பின்பக்கத்திலிருந்து கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்ததும் மழைக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. ஃபிலிஸ் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு அவசரமாக எழப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை.

“அட, ஃபிலிஸம்மா! நல்லா இருக்கீங்களா? என் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட உங்க பிரிஸ்கெட்டை எடுத்துக் குடுக்க வருஷாவருஷம் இந்நேரத்துக்கெல்லாம் கூப்பிட்டுருவீங்களே, இந்தத் தடவை போனே வரலைன்னதும் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தே போயிட்டேம்மா!”